நான் ஊரில் இல்லாத வாரம்

பிப்ரவரி 9

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் என்னோடு ஒத்துப்போகாமல் தனியாகப் புலம்பிக்கொண்டிருக்கிறது. உன் கண் எப்படி இருக்கிறது? ஊசியில் நூல் கோர்க்கப் பக்கத்துக் கடைப் பெண்ணைக் கூப்பிடுவதாக எழுதியிருந்தாய். தையற்காரி கண்ணை இப்படி விட்டுவைக்கலாமா?

இங்கே பனி விலகிவிட்டது. மேல் வீட்டுக்கு வெள்ளையடித்து, அடுப்பைத் தேய்த்து, படுக்கைகளை வெயிலில் போட்டு எடுத்துவிட்டேன். இனி வாரா வாரம் வாடகைக்கு விருந்தாளிகள் வருவார்கள். நம் வீட்டில் தங்குகிறவர்கள் தாங்களே சமைத்துக்கொள்ள வேண்டும் என்பதால் வீட்டில் அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆண்கள்கூட இங்கே வந்ததும் கரண்டியைப் பிடித்துக்கொள்கிறார்கள். போன பருவத்தில் கடைசியாக வந்தவர் பால் காய்ச்சுகிறேன் என்று பாத்திரத்தைக் கரியாக்கிவிட்டு, "மலையப் பார்த்துக்கிட்டே நின்னுட்டேம்மா" என்றார். திட்ட வாய் வரவில்லை. அந்தச் சமையலறை ஜன்னல் அப்படி. மூன்று மலையும் அதற்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஜன்னலை அந்த இடத்தில் வைத்தது அந்த ஆள்தான். தச்சு வேலையில் அவரை ஒரு குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையையும் என்னையும் விட்டுவிட்டு இன்னொருத்தி வீட்டுக்குக் கிளம்பிப் போனாரே, அதைத்தான் சொல்ல வேண்டும்.

நம் வாலு என்ன செய்கிறாள்? கண்ணாடிக் கடையில் ஊருக்கெல்லாம் கண் பார்த்துக் கண்ணாடி எடுத்துக் கொடுக்கிறாள், பெற்றவளுக்கு இரண்டு வரி எழுத மட்டும் அவளுக்குக் கண் தெரியவில்லை. மலை மறைப்பதால் இந்தப் பள்ளத்தில் போன் எடுக்காது என்று அவளுக்கும் தெரியும். எனக்குக் கடிதம்தான் கதி. சொல்லி வை.

இப்படிக்கு,
உன் அக்கா

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவள் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, சும்மா பெருமைக்கு மாடிப்படி ஏறாதே.

வாலுவைப் பற்றிக் கவலைப்படாதே. நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், நேரத்துக்கு வீட்டுக்கு வருகிறாள். அவள் என்னோடு இருப்பதால் எனக்குப் பிள்ளையில்லை என்ற நினைப்பே வருவதில்லை. அவள் எழுதாததற்கு என்னைத் திட்டு. எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிடுகிறாள், அதோடு உனக்கும் சொல்லியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறாள் போலிருக்கிறது.

உன்னிடம் ஒரு விஷயம் பேச வேண்டும். நல்ல விஷயம்தான், பயப்படாதே. ஆனால் எழுதிப் புரியவைக்கிற விஷயம் இல்லை. மாதக் கடைசியில் கடையைப் பூட்டிவிட்டு நேரில் வருகிறேன்.

அன்புடன்,
சின்னவள்

ஏப்ரல் 6

அன்புள்ள சின்னவளுக்கு,

நலமாகப் போய்ச் சேர்ந்தாயா? பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா?

நீ போனதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நேரில் பேச வேண்டும் என்று வந்தவள், இங்கே இருந்த நேரமெல்லாம் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு, திரைச்சீலைக்கு என்ன நிறம் போடலாம் என்பதைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. எதையோ மென்று விழுங்கினாய். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நடுவில் திடீரென்று, "அத்தான் என்னிக்காவது இங்க வந்தா என்னக்கா பண்ணுவே?" என்று கேட்டாயே, அதுவா விஷயம்? "அவர் முன்வாசல்ல வந்தா நான் பின்வாசல்ல போயிடுவேன்" என்று சொல்லிச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அவர் உன் கடைக்கு வந்து போகிறாரா? வந்தால் வரட்டும். வாலுவுக்கு அப்பன், பார்க்காதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. என்னிடம் மறைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

பச்சை நிறத் திரைச்சீலையே நன்றாக இருக்கும்.

உன் அக்கா

மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? கடிதம் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். அத்தான் விஷயமெல்லாம் ஒன்றுமில்லை. சும்மா வாயில் வந்தது, கேட்டேன்.

பேச வந்தது என் கண்ணைப் பற்றித்தான். புரை முற்றிவிட்டது, அறுத்து எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். ஜூன் இரண்டாவது வாரம் நாள் குறித்திருக்கிறார். கூட யாராவது இருந்து மருந்து விட வேண்டும். வாலுவைக் கடையிலிருந்து பயிற்சிக்காக வெளியூர் அனுப்புகிறார்கள், அவளால் முடியாது. அக்கா, நீ வந்து ஒரு வாரம் இருக்க வேண்டும்.

அந்த வாரம் மேல் வீடு சும்மா கிடக்குமே என்று யோசிக்காதே. என்னிடம் துணி தைக்கிற ஒரு குடும்பம் கேட்டிருக்கிறது. வீட்டில் ஏதோ விசேஷம், அமைதியான இடமாக வேண்டுமாம். தங்கமான மனிதர்கள், சமையல் அவர்களே செய்துகொள்வார்கள். சாவியை முட்டைக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு வா, போதும். பெட்டியில் ஒரு வெள்ளை விரிப்பு வைத்திருக்கிறாயே, ஓரத்தில் பூவேலை செய்தது, அதைப் பெரிய அறைக் கட்டிலில் போட்டுவிட்டு வருகிறாயா? கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைகள்.

சின்னவள்

மே 20

அன்புள்ள சின்னவளுக்கு,

கண் விஷயத்தை முகத்துக்கு நேரே சொல்ல உனக்கு என்ன வந்தது? நான் பயந்து கூப்பாடு போடுவேன் என்றா? நிச்சயம் வருகிறேன். வேறு யாருக்கு வரப்போகிறேன்?

உன் தங்கமான குடும்பத்துக்குச் சொல். அடுப்பின் இடதுபக்கத் திருகு இறுக்கமாக இருக்கும், பலமாகத் திருப்பக் கூடாது. பின்கதவு தரையில் இழுபடும், தூக்கித் திறக்க வேண்டும். சாப்பாட்டு மேசையை வெளியே எடுத்துப் போட ஆசையாக இருந்தால் போட்டுக்கொள்ளட்டும், திரும்ப உள்ளே வைத்துவிட வேண்டும்.

வெள்ளை விரிப்பை மட்டும் கேட்காதே. அதை வாலுவின் கல்யாணத்துக்கு என்று நானே உட்கார்ந்து தைத்து வைத்திருக்கிறேன், உனக்குத் தெரியாதா? நீலக்கோடு போட்டதை வெளுத்துப் போட்டிருக்கிறேன். கொஞ்சம் நிறம் போய்விட்டது, கல்யாணப் பிள்ளைகள் கட்டில் விரிப்பையா பார்த்துக்கொண்டிருக்கப் போகிறார்கள்?

உன் அக்கா

ஜூன் 28

அன்புள்ள சின்னவளுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன், நலம். மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள்கிறாயா? கண்ணைத் தேய்க்காதே. நான் கிளம்பும்போது நீ ஏன் அப்படி அழுதாய்? கண்ணுக்கு ஆகாது என்று சொல்லச் சொல்லக் கேட்கவில்லையே.

உன் குடும்பம் உண்மையிலேயே தங்கம்தான். வீட்டை நான் வைப்பதைவிடச் சுத்தமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன், வேடிக்கையாக இருக்கிறது. பின்கதவு இழுபடவில்லை. யாரோ கழற்றி, அடியைச் சீவி, கீலை மாற்றித் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். வாடகைக்கு வந்தவர்கள் கதவை உடைத்துவிட்டுப் போவார்கள், பார்த்திருக்கிறேன். செப்பனிட்டுப் போனவர்களை இப்போதுதான் பார்க்கிறேன்.

அப்புறம், சட்டிகள். எல்லாம் அதனதன் ஆணியில் தொங்குகின்றன. சின்ன வாணலிக்கு அலமாரிக்குப் பின்னால் ஒரு ஆணி இருக்கிறது. அது வருகிறவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை, நான்தான் ஒவ்வொரு வாரமும் எடுத்து மாட்டுவேன். இந்த முறை அது அங்கே தொங்குகிறது.

யார் அவர்கள்? பெயர் சொல், நன்றி எழுதிப் போடுகிறேன். கல்யாணம் நல்லபடியாக நடந்ததா? குப்பைக் குழியில் பூக்காம்பாகக் கிடக்கிறது.

உன் அக்கா

ஜூலை 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கண் நன்றாகத் தெரிகிறது. எதிர்க் கட்டடத்தின் விரிசல் எல்லாம் தெரிகிறது, இவ்வளவு நாள் தெரியாமல் நிம்மதியாக இருந்தேன். டாக்டர் நல்ல மனிதர், அவர் மனைவிக்கு இரண்டு உடுப்பு தைத்துக் கொடுத்தேன். மழை அதிகம். தையல் மெஷினுக்குப் புது பெல்ட் போட்டாயிற்று.

அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. அவர்களில் ஒரு பெரியவருக்கு இந்த மாதிரி கைவேலையெல்லாம் வருமாம். நன்றியெல்லாம் எதற்கு?

வாலுவைக் கடையின் இன்னொரு கிளைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயே தங்கியிருக்கிறாள். புது இடம், வேலை அதிகம். எழுதுவாள். இப்போதைக்கு நீ அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

சின்னவள்

செப்டம்பர் 2

சின்னவளுக்கு,

நீ நலமா என்று கேட்டுத் தொடங்க இன்று மனம் வரவில்லை.

நேற்றுக் காலை முட்டைக்காரம்மா வந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, "உங்க கோபம் ஆறட்டும்னு இத்தனை நாள் கேக்கல. மருமகன் எப்படிம்மா இருக்கார்?" என்றாள்.

"எந்த மருமகன்?"

"சரிதான். இன்னும் கோபம் தீரலையா? தங்கமான புள்ளைம்மா. கண்ணாடிக் கடைக்கு லென்ஸ் கொண்டாந்து கொடுக்கிற வேலையாமே. சாப்பிட்ட தட்டெல்லாம் அவர்தான் கழுவினார். தச்சரய்யாவும் சும்மா உட்காரல, பின்கதவப் பார்த்ததும் இழைப்புளிய எடுத்துட்டார்."

அவளே மேலும் சொன்னாள். "வரமாட்டேன்னு சொல்லிட்டீங்களாமே. எனக்கே மனசு கேக்கல. காலையில ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்து, மேசைய மலையப் பார்த்தாப்பல போட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். பொண்ணு ரோட்டையே பார்த்துக்கிட்டிருந்தா. எவ்வளவு கோபம்னாலும் பெத்தவ இப்படிப் பண்ணலாமாம்மா?"

என்ன சொல்வேன்? என் பெண்ணுக்கு என் வீட்டில் கல்யாணம் நடந்ததே எனக்குத் தெரியாது என்றா? "எனக்கு அன்னிக்கு உடம்பு முடியல" என்றேன். முட்டைகளை வாங்கி உள்ளே வைத்தேன். ஒன்றுகூட உடையவில்லை.

அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன்? உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். வாலுவுக்குப் போன் போடட்டுமா என்று கேட்டதற்கு, "வகுப்புல இருப்பாக்கா, விடு" என்றாய். கட்டுப்போட்ட கண்ணோடு சொன்னாய், நம்பினேன். அறுவையைக் குளிர்காலத்தில்கூட வைத்துக்கொள்ளலாம் என்று நர்ஸ் சொன்னபோது நீ அவசரமாகப் பேச்சை மாற்றியது இப்போது நினைவுக்கு வருகிறது. என் பெண்ணைச் சாயம் போன விரிப்பில் படுக்கவைத்தேனே, அதையும் பார்த்துக்கொண்டு பேசாமல்தானே இருந்தாய்?

இரண்டு கேள்வி கேட்கிறேன். என்னிடம் ஒளித்துக் கல்யாணம் செய்கிறவள் எதற்காக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? நான் வரமாட்டேன் என்று சொன்னதாக முட்டைக்காரம்மாவுக்கு யார் சொன்னது?

அக்கா

செப்டம்பர் 30

அக்காவுக்கு,

பலமுறை எழுதிக் கிழித்துப் போட்டேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

வாலு அந்தப் பையனைப் பற்றி என்னிடம்தான் முதலில் சொன்னாள். அந்த வீட்டில், மலைக்கு எதிரில் கல்யாணம் நடக்க வேண்டும், அப்பா வர வேண்டும், அம்மாவும் இருக்க வேண்டும் என்றாள். "நீதான் சித்தி அம்மாகிட்ட கேக்கணும். நான் கேட்டா அழுதுடுவேன்" என்றாள். கேட்கத்தான் மார்ச்சில் வந்தேன், சத்தியமாக. நீ பின்வாசல் என்றாய். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்டு நீ மாட்டேன் என்றால் கல்யாணமே நின்றுபோகும். அத்தான் வந்த பிறகு நீ எழுந்து போனால் அது இன்னும் மோசம். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லாமல் முடியட்டும் என்று நினைத்தேன். கண் அறுவையையும் அதற்காகவே முன்கூட்டி வைத்துக்கொண்டேன்.

நானும் அந்தக் கல்யாணத்தைப் பார்க்கவில்லை அக்கா. தூக்கி வளர்த்தவள் இல்லை என்றாலும், இத்தனை வருஷம் தினமும் அவள் தலைவாரிப் போவதைப் பார்த்தவள் நான். உன்னை இங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக நானும் படுக்கையில் கிடந்தேன். அதையும் கொஞ்சம் நினைத்துப் பார்.

சின்னவள்

அக்டோபர் 24

அம்மா,

கடை முகவரிக்கு நீ எழுதிய கடிதம் வந்தது. கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் ஒருநாள் வைத்திருந்தேன். திட்டித்தான் எழுதியிருப்பாய் என்று நினைத்தேன். உன் மாப்பிள்ளைதான், "திட்டாவது எழுதியிருக்காங்களே, படி" என்றார்.

"உன் கல்யாணத்துக்கு என்னை ஏன் கூப்பிடவில்லை?" என்று எழுதியிருக்கிறாய். அம்மா, கூப்பிட்டேன். சித்தியைத்தான் அனுப்பினேன். அவள் திரும்பி வந்து, "உங்கப்பா வந்தா அவ வரமாட்டாளாம். ஆனா வீட்டை எடுத்துக்கச் சொல்லிட்டா, அதுவே பெரிசு" என்றாள். நான் உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். "இப்ப எழுதாதே, கிளறினா வீட்டையும் தரமாட்டா" என்று பேனாவை வாங்கி வைத்துவிட்டாள். அப்பாவே, "நான் வரல, அவ வரட்டும்" என்றார். அதையும் சித்தியிடம் சொன்னேன். கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். இரண்டு நாள் கழித்து, "கேட்டாச்சு, அவ பிடிச்ச பிடியில நிக்கிறா" என்றாள்.

ஒரு தட்டு அதிகமாகத்தான் வைத்தேன். கடைசி நேரத்தில் மனம் மாறி வந்துவிடுவாய் என்று இருட்டும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் எனக்கென்று தைத்த வெள்ளை விரிப்புக்குப் பதிலாக அந்தப் பழைய நீலக்கோட்டு விரிப்பைப் பார்த்ததும், அம்மாவுக்கு என்மேல் இவ்வளவு வெறுப்பா என்று அழுதேன். அதற்குப் பிறகுதான் உனக்கு எழுதக் கூடாது என்று முடிவு செய்தேன்.

உனக்குத் தெரியவே தெரியாது என்பதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றே புரியவில்லை. கோபத்தை எல்லாம் உன்மேல்தானே செலவழித்துவிட்டேன்.

அடுத்த மாதம் நாங்கள் இருவரும் வரலாமா? முட்டைக்காரம்மாவிடம் சாவி வாங்க மாட்டேன். நீ திற.

வாலு

டிசம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? மூன்று மாதமாக உன்னிடமிருந்தும் கடிதம் இல்லை, வாலுவிடமிருந்தும் இல்லை. கடைக்குப் போன் செய்தால் வேலையாக இருக்கிறாள் என்கிறார்கள்.

நான் செய்தது தப்புதான். உங்கள் நல்லதுக்கு என்று செய்தேன், அதைக் கடவுள் அறிவார். ஒரு தப்பை வைத்துக்கொண்டு இத்தனை வருஷத்தையும் தூக்கிப் போட்டுவிடுவாயா?

மற்றக் கண்ணிலும் புரை வந்துவிட்டது. ஜனவரிக் கடைசியில் அறுவை. இந்த முறை வேறு எதற்காகவும் இல்லை. போன முறை மாதிரி நீ வந்து கூட இருக்க வேண்டும். உன்னால் முடியாவிட்டால் வாலுவையாவது அனுப்பி வை. நீ சொன்னால் கேட்பாள்.

சின்னவள்

ஜனவரி 7

சின்னவளுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம்.

வாலுவும் மாப்பிள்ளையும் நவம்பரில் வந்தார்கள். வாசலில் விருந்தாளி மாதிரி செருப்பைக் கழற்றாமல் நின்றாள். உள்ளே வந்ததும் கட்டிக்கொண்டு அழுவாள், நானும் அழுவேன், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி நடக்கவில்லை. இரண்டு பேரும் முதல் நாள் முழுக்க உப்பு போதுமா, போர்வை போதுமா என்று மரியாதையாகப் பேசிக்கொண்டோம்.

மறுநாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குத் தெரியும்மா, உனக்குத் தெரியாதுன்னு. ஆனா அன்னிக்கு நீ வரலன்னு இங்க வலிச்சுது பாரு, அது போகமாட்டேங்குது" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டேன். அவளும் கேட்டாள். மாப்பிள்ளை மீதிக் கிழங்கை எடுத்து உரித்தார். நல்ல பையன். அதை நானாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு மாதம் ஆகியிருக்கிறது.

இன்னும் கொஞ்ச நாளாகும் எங்களுக்கு. ஆனால் இப்போது அவளே எழுதுகிறாள்.

நான் முன்வாசல், பின்வாசல் என்று வேடிக்கையாகச் சொன்னதை நீ பிடித்துக்கொண்டாய். பிறகு அவள் இரண்டாவது தடவை கேட்கச் சொல்லி அனுப்பினாளே, அப்போது நீ என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. கேட்டதாகப் போய்ச் சொன்னாய். பயத்தில் ஒருமுறை வாய் தவறியது என்றால் விட்டுவிடுவேன். நீ உட்கார்ந்து யோசித்து என் வாயில் ஒரு வார்த்தையை வைத்து, அதை என் பிள்ளையிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாய். அவள் அப்பா வரட்டும், நானும் இருக்கிறேன் என்று நான் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. சண்டை போட்டிருக்கலாம், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் உட்கார்ந்திருப்பேன். நீயும் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ பார்க்காமல் இருந்தது நீ எடுத்த முடிவு. எனக்காக அந்த முடிவை எடுக்க உன்னிடம் யார் சொன்னது?

அறுவைக்கு நான் வரவில்லை. கோபத்தில் எழுதவில்லை, நிதானமாகத்தான் எழுதுகிறேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க இப்போது என்னால் ஆகாது. ஆகிற நாள் வந்தால் நானே எழுதுகிறேன். பக்கத்துக் கடைப் பெண்ணுக்கு மருந்து விடக் கற்றுக்கொடு. கண்ணைத் தேய்க்காதே.

வாலுவை அனுப்பச் சொல்லியிருக்கிறாய். அவள் வீட்டு முகவரியைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நீயே கேள். வருவாளா மாட்டாளா என்று எனக்குத் தெரியாது. அவளைக் கேட்காமல் அவளுக்காக நான் எதுவும் சொல்வதாக இல்லை.

அக்கா